பாய்ச்சல் பட்டின் பதினேழு டிகிரி

என் மேல்வரிசை முன்பல் ஒன்று இப்போது வாயில் இல்லை. 'ச' என்ற எழுத்து நேராக நின்றதுதான் காரணம். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். ஆரணிக்காரர்கள் சிரிப்பதில்லை. அவரவர் உடம்பில் ஏதோ ஓர் இடத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் துரைக்கண்ணு. ஜக்கார்டு அட்டை அடிக்கிறவன். சேலையில் மயில் வேண்டும், மாங்காய் வேண்டும் என்றால் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். பிறகு கட்டத்துக்குக் கட்டம் கனத்த அட்டையில் ஓட்டை போட்டு, அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் தலைமேல் ஏற்ற வேண்டும். எங்கே ஓட்டையோ அங்கே இழை தூக்கும், பூ விழும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. அட்டையைத் தவிர வேறு எதையும் யாரையும் நான் அடித்ததில்லை.

எங்கள் கமண்டலநதி பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு 2003-ஆம் வருஷம் ஹேமநாத் என்று ஒரு தனி அலுவலர் வந்தார். அதற்கு முன் மீன்வளத் துறையில் இருந்தவர். பட்டைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்று முதல் கூட்டத்திலேயே பெருமையாகச் சொன்னார். தெரிந்தவர்கள்தான் சங்கத்தை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தார்களாம். அதனால் தெரியாதவர் வந்திருக்கிறார். நியாயமாகத்தான் இருந்தது, நாங்களும் கைதட்டினோம்.

அந்த ஆடி மாதத்திலேயே சங்கத்துக்குப் புதுப் பெயர் வந்தது. பாய்ச்சல் பட்டு. சென்னையிலிருந்து ஒரு டிசைன்காரர் வந்து, திரையில் அந்தப் பெயரைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு எழுத்தும் உலக்கை கனம். முனையில் சுழிப்பு இல்லை, வால் இல்லை, நிழல் இல்லை. எல்லா எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்து, யாரையோ முட்டப் போகிற கிடா போலத் தலையைக் குனிந்திருந்தது.

"இது நிக்கிற எழுத்து இல்ல. பாயிற எழுத்து" என்றார் டிசைன்காரர். "சாய்வு கரெக்டா பதினேழு டிகிரி. பதினாறுன்னா சோம்பல். பதினெட்டுன்னா போதை."

ஹேமநாத் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "நம்ம எழுத்தைப் பார்த்தா பக்கத்துக் கடைக்காரன் கன்னத்துல பளார்னு அறைஞ்ச மாதிரி இருக்கணும். வாடிக்கையாளர் வயித்துல குத்துன மாதிரி இருக்கணும். இதுக்குப் பேருதான் பிராண்டு."

என் அக்கா கன்னியம்மாள் முள்ளிப்பட்டிலிருந்து கூட்டத்துக்கு வந்திருந்தாள். அவளும் அவள் வீட்டுக்காரர் சுப்பராயலு மாமாவும் சங்கத்துக்கு நெய்கிறவர்கள். வீட்டில் ஒரே தறி. அந்தத் தறி ஓடினால் அடுப்பு எரியும், நின்றால் அணையும், நடுவில் வேறு வழி கிடையாது. அக்கா கையைத் தூக்கினாள்.

"சார், பொடவை கட்டிகினு பொண்ணு மணையிலதானே குந்தப்போவுது? எங்க பாயப்போவுது?"

"இந்த மனநிலையைத்தான் நாம உடைக்கணும்" என்றார் ஹேமநாத். உடைக்கணும் என்றால் பேச்சுக்குச் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மறுவாரம் சாய்வுக் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் வீரபாகு. சங்கக் கிடங்குக்குக் காவல் இருந்தவர், அதற்கு முன் மாட்டுத் தரகு. எழுத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே உறவு சம்பளத்தன்று போடும் கையெழுத்துதான், அதுவும் கைநாட்டு. குழுவில் இருந்த ஏழு பேருக்கும் ஆளுக்கொரு சாய்வுக்கட்டை கொடுத்தார்கள். கருவேல மரம், ஒன்றரை முழ நீளம், ஒரு பக்கம் பிடி, மறுபக்கம் பதினேழு டிகிரியில் சீவிய முனை. எழுத்தின் மேல் வைத்துப் பார்த்துச் சாய்வு சரியா என்று சொல்வதற்காக. இவ்வளவு கனம் எதற்கு என்று ஆசாரி கேட்டதற்கு, கனத்த எழுத்துக்குக் கனத்த அளவுகோல் என்று பதில் வந்ததாம்.

முதல் அளவை பெயின்டர் ஆல்பினுக்கு நடந்தது. ஊரில் பாதிப் பலகை அவர் எழுதியதுதான். மாதா கோயில் திருவிழாத் தட்டியிலிருந்து மாவு மில் பலகை வரைக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சுழிப்பும் ஒரு நிழலும் கொடுத்துத்தான் அவருக்குப் பழக்கம். சங்க வாசலில் 'பாய்ச்சல் பட்டு' என்று புதுப் பலகை எழுதியபோது, கைப்பழக்கத்தில் 'ல்' மட்டும் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. வீரபாகு ஏணியில் ஏறி, கட்டையை வைத்துப் பார்த்து, இறங்கி வந்து, அதே கட்டையால் ஆல்பினின் மணிக்கட்டில் ஒரு போடு போட்டார். எலும்பு நொறுங்கிய சத்தம் எதிர் டீக்கடை வரை கேட்டது.

ஆல்பினின் மனைவி ஹெப்சிபா அலுவலகத்துக்கே வந்து, "எங்க ஊட்டுக்காரர் கையை இன்னாத்துக்கு சார் ஒடிச்சீங்க? அவர் இனிமே பிரஷ் புடிப்பாரா?" என்று கத்தினார். ஹேமநாத் அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார்.

"அம்மா, நாங்க யாரையும் அடிக்கல. அளந்தோம். அளக்கும்போது கை குறுக்க வந்துடுச்சி. கட்டு போட்டிருக்காங்களே, பாத்தீங்களா? கை இப்ப வலப்பக்கம் லேசா சாய்ஞ்சிருக்கு. இனிமே அவர் எழுதுனா தானா சரியா வரும்."

அதற்கப்புறம் ஊரில் நேராக நின்ற எழுத்தெல்லாம் அடி வாங்கியது. தேவிகாபுரம் கிளையில் 'செருப்பை இங்கே விடவும்' என்ற அட்டையைச் சுக்கலாக உடைத்தார்கள். சந்தவாசல் கிளையில் சுவர்க் கடிகாரத்தின் எண்கள் நேராக இருந்ததால் கடிகாரத்தின் முகத்தில் கட்டை இறங்கியது. எழுத்தர் ராமதாஸ் விடுப்பு விண்ணப்பத்தை நேரான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அவர் கேட்டது ஒரு நாள், காது சவ்வு கிழிந்ததில் பத்து நாள் கிடைத்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அன்றைக்கெல்லாம் என் வாயில் எல்லாப் பல்லும் இருந்தது, திறந்திருக்கலாம்.

பிறகு எழுத்து தறிக்கு ஏறியது. ஒவ்வொரு சேலையின் முந்தானை ஓரத்திலும் 'பாய்ச்சல்' என்று ஜரிகையில் மூன்று விரல் உயரத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு. சாய்ந்த எழுத்தை நெசவில் கொண்டுவருவது லேசில்லை. துணியில் இழை நெடுக்கிலும் குறுக்கிலும்தான் போகும். சாய்வு வேண்டுமென்றால் படிப்படியாகத் தள்ளித் தள்ளி ஓட்டை போட வேண்டும். ஒன்பது நாள் கண் பூத்துப்போக உட்கார்ந்து அட்டை அடித்தேன். முதல் அட்டை அக்கா வீட்டுத் தறியில்தான் ஏறியது. தறியில் அப்போது மூன்று சேலைக்குப் புதுப் பாவு, நெடுக்கில் ஓடுகிற இழை. நாலாயிரத்துச் சொச்சம் இழையை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கி, பழைய பாவோடு பிணைத்து அக்கா ஏற்றிய பாவு.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தறியில் சேலையைக் கவிழ்த்துத்தான் நெய்கிறோம். நல்ல முகம் கீழே இருக்கும். மேலே தெரிவது முதுகு. பூ சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு சின்னக் கண்ணாடியைத் துணிக்கு அடியில் நுழைத்துப் பார்ப்பார்கள். முள்ளிப்பட்டில் தவழுகிற குழந்தைக்கும் இது தெரியும்.

வீரபாகு குழுவோடு வந்தார். மேலிருந்து பார்த்தார். எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இன்னாடா இது, எழுத்து பின்னால ஓடிகினு கீது?"

"ஐயா, இது முதுவுப் பக்கம். மூஞ்சி கீழ கீது. இந்தாங்க கண்ணாடி, உள்ள வுட்டுப் பாருங்க" என்றார் சுப்பராயலு மாமா.

வீரபாகு கண்ணாடியை வாங்கி, தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, மீசையைச் சரி செய்துகொண்டு திருப்பிக் கொடுத்தார். பிறகு மாமாவைத் தறிக்குழியிலிருந்து முடியைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டார்கள். ஏழு கட்டையும் அளந்தன. மாமாவுக்கு விலாவில் இரண்டு எலும்பு, இடது தோள்பட்டையில் ஒன்று. தடுக்கப் போன அக்காவைச் சுவரோடு அடித்தார்கள். முதல் பின்வாங்கல் என்று ஒரு தாளில் எழுதி, தறிக்காலில் ஒட்டிவிட்டுப் போனார்கள். தாளின் கீழே ஒரு வரி இருந்தது: மூன்று பின்வாங்கல் காணப்படும் தறிகள் பாவு நீக்கத்துக்கும் அதன்பின் அகற்றலுக்கும் உட்படும். பாவு நீக்கம் என்றால் அறுவாளால் பாவை அறுப்பது. அலுவலகத் தமிழில் ரத்தம் வராது.

நான் ஹேமநாத்திடம் ஓடினேன். சேலையையே கொண்டுபோய், முதுகையும் முகத்தையும் புரட்டிப் புரட்டிக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்க டெக்னிக்கல் பிரச்சினை எனக்குப் புரியுது துரைக்கண்ணு. ஆனா ஆய்வு மேலேருந்துதான் நடக்கும். நான் மேல இருக்கேன், குழு மேல இருக்கு. கீழேருந்து பார்த்தாதான் சரியாத் தெரியும்னு சொல்றது ஒருவிதமான அரசியல்."

"அப்போ இன்னா சார் பண்றது?"

"மேலேருந்து பார்த்தா முன்னால சாயணும். அவ்ளோதான். எப்படின்னு நீங்க பாத்துக்குங்க. நான் உங்க வேலையில தலையிட மாட்டேன்."

வந்து அட்டைகளைத் திருப்பிக் கோத்தேன். இப்போது மேலிருந்து பார்த்தால் எழுத்து ஜம்மென்று வலப்பக்கம் பாய்ந்தது. வீரபாகு வந்து பார்த்து அக்காவின் முதுகில் தட்டிக்கொடுத்தார், அதுவே இரண்டு நாள் வலித்தது. ஆனால் முகத்தில் என்ன ஆகும்? எழுத்து மாறிப் போய், கண்ணாடியில் தெரிகிற எழுத்தாகத் திரும்பி, பின்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சேலை வேலூர்க் கண்காட்சிக்குப் போனது. திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர் அதைப் பிரித்துப் பார்த்து, "சாய்வு இந்தப் பக்கமா?" என்று மட்டும் கேட்டாராம். படிக்க முடியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரும் படிக்கவே இல்லை.

இரண்டாவது பின்வாங்கல். இந்தத் தடவை அக்காவின் கட்டைவிரல். இழை பிணைக்கிற விரல் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தறிக்கட்டையின் மேல் வைத்து நசுக்கினார்கள்.

அக்கா அழவில்லை. விரலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம், "தொரை, இன்னும் ஒண்ணுதான்டா பாக்கி. பாவை அறுத்துட்டா நான் செத்தேன். இந்த விரலை வெச்சிகினு மறுபடி நாலாயிரம் இழை என்னால பிணைக்க முடியாது. ஏதாவது பண்ணுடா" என்றாள். மாமா பாயில் படுத்தபடி மூச்சை மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

யோசித்தேன். முன்னால் சாய்ந்தால் கீழே தப்பு, பின்னால் சாய்ந்தால் மேலே தப்பு. சாயாமலே நின்றுவிட்டால்? மேலிருந்து பார்த்தாலும் நேர், கீழிருந்து பார்த்தாலும் நேர். முன்னால் பாயாவிட்டாலும் பின்னால் ஓடாதே! இதைவிட நல்ல யோசனை என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை. ராவெல்லாம் விழித்து அட்டை அடித்து ஏற்றினேன், அக்கா மிச்ச விரல்களை வைத்து எழுத்தை மட்டும் நெய்து முடித்தாள். காலையில் குழு வந்தது. 'ச' ஆடாமல் அசையாமல் நின்றது.

வீரபாகுவுக்கு அவமானமாகிவிட்டது. "நிக்குது பாரு. நம்மளை மொறைச்சிகினு நிக்குது" என்றார். அட்டை அடித்தவன் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். தலைக்கு வந்தது பல்லோடு போயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து, பல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அறுவாள் சத்தம் கேட்டது.

பாவு அறுபடுகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். இழுத்துக் கட்டிய நாலாயிரம் இழையும் ஒரே நேரத்தில் விட்டுப்போகும். அப்புறம் பாவு தொய்ந்து விழும். பாயில் கிடந்த மாமா, "ஐயோ, அறுத்துட்டானுங்களே" என்று எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் சாய்ந்தார். வீரபாகு மூன்றாவது தாளை ஒட்டுவதற்காகத் தன் சாய்வுக்கட்டையைத் தறியின் மேல் வைத்துவிட்டு, பசையைத் தேடிக் குனிந்தார்.

அக்கா கட்டையை எடுத்தாள். நசுங்கிய விரலோடு இரண்டு கையாலும் பிடித்து, அவர் நிமிரும்வரை காத்திருந்து, நெற்றியில் இறக்கினாள். ஒரே அடி. வீரபாகு "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை. தறிக்குழிக்குள் உட்கார்ந்த மேனிக்குப் போய்விட்டார். முகமெல்லாம் ரத்தம். மற்ற ஆறு பேரும் ஆறு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் ஓடினார்கள். அதிலே ஒருத்தன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். அதை இன்னும் நாங்கள் வைத்திருக்கிறோம்.

அக்காவைப் போலீஸில் பிடித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்று மாமா அழுதார். நானும் அழுதேன். அக்கா மட்டும் கை கழுவி, உலை வைத்தாள்.

மதியம் ஹேமநாத் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். வீரபாகுவின் நெற்றியில் ஒன்பது தையல் போட்டிருந்தார்கள். ஹேமநாத் குனிந்து காயத்தைப் பார்த்தார். பையிலிருந்து வேறொரு சாய்வுக்கட்டையை எடுத்து, காயத்தின் மேல் வைத்துப் பார்த்தார். வீரபாகு அலறினார். ஹேமநாத் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

"பதினேழு" என்றார். "அரை டிகிரி கூடப் பிசகல. நல்ல கனம். முனையில வால் இல்ல. பார்த்தவுடனே அறையுது. அஞ்சு மாசமா நான் கேட்டது இதுதானே? ஒரு ஆள் கூட எனக்கு இதைத் தரலையே!"

விசாரணை மூன்று நாள் நடந்தது. அடித்தது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, எந்தக் கோணத்திலிருந்து என்றுதான் கேட்டார்கள். கடைசியில் அறிக்கை வந்தது. உறுப்பினர் கன்னியம்மாள் சங்கத்தின் எழுத்தை முதன்முதலாகச் சரியான கனத்திலும் சரியான சாய்விலும் பொதுமக்கள் மத்தியில் பதித்திருக்கிறார். அவருடைய தறியை அகற்றும் உத்தரவு ரத்து. அது முன்மாதிரித் தறியாக அறிவிக்கப்படுகிறது.

அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. தறி நிற்கிறதே, விரல் ஆறியதும் மெல்ல மெல்லப் பிணைத்துக்கொள்ளலாம் என்றாள். மறுநாள் சங்கத்து ஆட்கள் வந்து தறியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள்.

"சார், கயித்தை அவுத்துட்டீங்கன்னா அறுந்த பாவைப் பிணைச்சி நெசவு போட்டுக்குவேன்" என்றாள் அக்கா.

"அது எப்டிம்மா? அது இப்ப காட்சிப்பொருள்" என்றார் ஹேமநாத். "சம்பவம் நடந்தப்போ எப்டி இருந்துச்சோ அப்டியே இருக்கணும். அறுந்த இழையைத் தொட்டீங்கன்னா சட்டப்படி குற்றம். நாலு ஊருலேருந்து வந்து பாக்கப்போறாங்க. பெருமைப்படுங்க."

அக்கா அவரையே பார்த்தாள். அப்புறம், "சரிங்க சார்" என்றாள்.

சங்கத்தின் ஆண்டு விழா தை மாதம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையின் பின்னால் இருபதடி அகலத்துக்குப் பாய்ச்சல் பாய்ந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஆல்பின் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராமதாஸ், கேட்கிற காதை மேடைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. மாமாவை நான் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்திருந்தேன். வீரபாகுவும் மேடையில் இருந்தார், மாதிரியாக. நெற்றித் தழும்பு எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று அவர் தலையை மொட்டையடித்திருந்தார்கள். அவர் அக்கா இருந்த பக்கமே திரும்பவில்லை.

ஹேமநாத் அரைமணி நேரம் பேசினார். "சில பேர் கேக்குறாங்க, இதெல்லாம் வன்முறை இல்லையான்னு. வன்முறைக்கு நம்ம சங்கத்துல இடமே இல்ல. கோணம் இல்லாம அடிச்சாத்தான் வன்முறை. கோணத்தோட அடிச்சா அது தரக்கட்டுப்பாடு" என்றார். கைதட்டல் கேட்டது. ஆல்பினால் தட்ட முடியவில்லை.

பரிசு கொடுத்தார்கள். வெல்வெட் துணி போட்ட தட்டில் அதே சாய்வுக்கட்டை, வெள்ளிப்பூண் கட்டி, பிடியில் குஞ்சம் தொங்கவிட்டு. அக்கா மேடையேறி ஹேமநாத் முன்னால் நின்றாள். அவர் மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

"அம்மா, இத்தனை பேரு இத்தனை மாசமா முயற்சி பண்ணி வராத அந்தத் துல்லியம் உங்களுக்கு மட்டும் எப்டிம்மா வந்துச்சி? இங்க வந்திருக்கிற உறுப்பினர்கள் கத்துக்கணும். கொஞ்சம் சொல்லுங்க."

அக்கா மைக்கைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், ஹேமநாத்தின் நெற்றியைப் பார்த்தாள்.

"வாயால சொல்லத் தெரியல சார். கட்டையைக் குடுங்க, இன்னொரு தபா செஞ்சி காட்றேன்."

ஹேமநாத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சபையைப் பார்த்து, எல்லோரும் நன்றாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு தட்டிலிருந்து கட்டையை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக அவளிடம் கொடுத்தார்.